சர்க்கரைக்குப் பயந்து எலும்பைக் கோட்டை விடாதீர்கள்

உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லோர் கண்ணும் குளுக்கோமீட்டர் மேலேயே இருக்கும். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, ராத்திரி இறங்கிவிடுமோ என்று ஓயாத கணக்கு. கண், சிறுநீரகம், கால் நரம்பு பற்றி டாக்டர் எச்சரித்திருப்பார். எலும்புப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. வாழ்நாளுக்கான எலும்பில் ஏறக்குறைய 90 சதவீதம் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதில் கணிசமான பங்கு, பிள்ளை வயதுக்கு வரும் சில வருடங்களில் சேருவது. டைப் 1 பலருக்குத் தலைகாட்டுவதும் அந்த வயதை ஒட்டித்தான்.

எலும்பைக் கட்டும் செல்களுக்கும் இன்சுலின் வேண்டும். அது குறைந்தால் புது எலும்பு உருவாவது மந்தமாகிறது. சர்க்கரை ஏறியே இருந்தால் சிறுநீரோடு கால்சியமும் கூடுதலாக வெளியேறுகிறது. போதாததற்கு, மிஞ்சிய சர்க்கரை கொலாஜன் என்ற புரத இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது. பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்த சிலரைக் கைகூப்பச் சொன்னால் விரல் மூட்டுகள் மடங்கியே நிற்கும். உள்ளங்கைகள் ஒட்டாமல் நடுவில் சந்து தெரியும். எலும்புக்குள் இருக்கும் கொலாஜனுக்கும் இதே கதிதான். வளைந்து கொடுக்க வேண்டிய எலும்பு வெடுக்கென்று முறிகிறது.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, 'லோ ஆகிவிடும்', அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும் என்று விளையாட்டையே நிறுத்துவது. ஓடுவது, குதிப்பது, தாவுவது என்று அதிர்வு பட்டால்தான் எலும்பு கெட்டிப்படும். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை, ஆனால் எலும்புக்கு அந்த அதிர்வைத் தருவதில்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கு வலுவூட்டும் விளையாட்டு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும். களத்தில் இறங்கும் முன் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். சர்க்கரை 90 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது இனிப்பு. 270-ஐத் தாண்டினால் கீட்டோன் சோதனை; இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்தான் கீட்டோன். கீட்டோன் இருந்தால் அன்றைக்கு விளையாட்டு கிடையாது. பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். நிறைய ஓடிய நாளில் ராத்திரியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பாலை நிறுத்துவது அடுத்த தவறு. 250 மி.லி. பாலில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, உண்மைதான். கூடவே சுமார் 300 மி.கி. கால்சியமும் இருக்கிறது. அந்த 12 கிராமை இன்சுலின் கணக்கில் சேர்த்தால் போயிற்று.

'ரத்தத்தில் கால்சியம் நார்மல், எலும்புக்கு ஒன்றுமில்லை' என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. சாப்பாட்டில் கால்சியம் போதாவிட்டால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்தாவது ரத்த அளவைச் சரிக்கட்டிவிடும். ரத்த ரிப்போர்ட் அழகாகவே வரும். வைட்டமின் டி அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும். பார்க்காமலே அதிக டோஸ் கொடுப்பதும் ஆபத்து, சிறுநீரகத்தில் கல் வரை கொண்டுபோய் விடும்.

பிள்ளை உயரமாகவில்லை, எடை ஏறவில்லை என்றால் பழியைச் சர்க்கரை மேலேயே போடாதீர்கள். டைப் 1 உள்ளவர்களுக்கு சீலியாக் நோய் மற்றவர்களை விட அதிகம். இதில் கோதுமையில் உள்ள குளுட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்க, கால்சியம் உள்ளே போகாமலே வீணாகும். வயிற்றுவலி எதுவும் இல்லாமலும் இது இருக்கலாம். அதனால்தான் நோய் கண்டறிந்தவுடன் ஒருமுறை, இரண்டாம் வருடம், ஐந்தாம் வருடம் என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சந்தேகத்தில் கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டுச் சோதித்தால் முடிவு தவறாக வரும்.

பதின்ம வயதில் ஒல்லியாவதற்காக இன்சுலினை ரகசியமாகத் தவிர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எடை இறங்கிக்கொண்டே, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) ஏறிக்கொண்டே, பெண் பிள்ளைக்கு மாதவிடாயும் தள்ளிப்போனால் அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எலும்பு சேர வேண்டிய காலத்தில் அது கரைகிறது.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் பெரியவர்களுக்கான டி-ஸ்கோரைப் பார்த்துப் பதறாதீர்கள். பிள்ளைகளுக்கு, வயதோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர்தான் கணக்கு. குள்ளமான பிள்ளை என்றால் உயரத்துக்கும் ஏற்பத் திருத்திப் பார்க்க வேண்டும். ஸ்கேன் நார்மல் என்பதாலும் அசட்டையாக இருக்க முடியாது. தாது எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அது அளக்கும், கொலாஜனின் விறைப்பை அளக்காது.

நின்ற இடத்தில் தடுக்கி விழுந்ததற்கே கை முறிந்தால், அல்லது முதுகு வலிக்கிறது என்று பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னால், கட்டுப் போடும் டாக்டரோடு விட்டுவிடாமல் சர்க்கரை பார்க்கும் டாக்டரிடமும் சொல்லுங்கள். முதுகெலும்பு முறிவு சில சமயம் எக்ஸ்ரேயில்தான் தெரியவரும். மாவுக்கட்டோடு படுத்திருக்கும் நாட்களில் ஓட்டம் குறைவதால் சர்க்கரை ஏறும்; அதற்கேற்ப இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டு வாருங்கள்.