கால் பிசகிடுச்சா? உடனே எண்ணெய் போட்டு உருவாதீங்க

கபடி ஆடுறப்பவோ படிக்கட்டு இறங்குறப்பவோ கால் மடங்கிடுச்சுன்னா, யாராவது ஒருத்தர் எண்ணெயைச் சூடு பண்ணிட்டு வந்து சுளுக்கு வழிக்க ஆரம்பிச்சிடுவாங்க. பாசத்துலதான் செய்றாங்க, ஆனா அந்த நேரத்துல அது ரொம்ப தப்பு. பாதம் உள்பக்கமா மடங்குறப்ப கணுக்காலோட வெளிப்பக்கத்து ஜவ்வு இழுபட்டு கிழியுது, உள்ள ரத்தம் கசிஞ்சுட்டு இருக்கும், அதுமேல சூடு வெச்சு அழுத்தி உருவினா வீக்கம் இன்னும் ஏறும். எலும்புல விரிசல் இருந்தா அது விலகிடவும் செய்யும்.

அதனால முதல்ல எலும்பைப் பாருங்க. அடிபட்ட உடனேயும் சரி, இப்பவும் சரி, நொண்டிக்கிட்டாவது நாலு அடி வைக்க முடியுதா? கணுக்கால்ல ரெண்டு பக்கமும் துருத்திட்டு இருக்குற எலும்போட பின் ஓரத்துல, கீழ் நுனியில இருந்து மேல ஒரு 6 செ.மீ. வரைக்கும் விரலால அழுத்திப் பாருங்க. பாதத்தோட வெளி ஓரத்துல நடுவுல ஒரு மேடு இருக்கும், உள்பக்கம் நடுப்பாதத்துலயும் ஒண்ணு இருக்கு, அதையும் அழுத்துங்க. எலும்பு மேலயே சுரீர்னு வலிச்சாலோ, நாலு அடி நடக்க முடியலைனாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். டாக்டர்கள் 1992ல இருந்து பயன்படுத்துற ஒட்டாவா விதி இதுதான். சின்னப் பசங்கன்னா இதை நம்பி வீட்ல வெச்சிருக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

எலும்புக்கு ஒண்ணும் இல்லைன்னா, ஐஸை துணியில சுத்தி 15, 20 நிமிஷம் வைங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை. நேரா தோல்மேல வெச்சா தோல் வெந்துடும். கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்துல இருந்து மேல்நோக்கி சுத்துங்க, விரல் மரத்துப்போச்சு, நிறம் மாறுதுன்னா அவிழ்த்து லூசா கட்டுங்க. தலையணை வெச்சு காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கி வைங்க. வலிக்கு பாரசிட்டமால் போதும், அல்சரோ கிட்னி பிரச்சினையோ இருக்குறவங்க டைக்ளோஃபெனாக்கை தானா வாங்கிப் போடவே கூடாது.

ஆனா வாரக்கணக்கா படுத்தே கிடக்காதீங்க. ரெண்டு மூணு நாள்ல வலி தாங்குற அளவுக்கு பாதத்தை மேல கீழ அசைங்க, அப்புறம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஒத்தக்கால்ல நிக்கப் பழகுங்க, இதை விட்டுட்டு நேரா கிரவுண்டுக்குப் போறவங்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்ப மடங்குது.

தோள்பட்டை, முழங்கை மூட்டு விலகி கோணலா தெரிஞ்சா மட்டும் யாரையும் இழுத்து உள்ள தள்ள விடாதீங்க, நரம்பும் ரத்தக்குழாயும் மாட்டிக்கும். இருக்குற நிலையிலேயே துணியால தொட்டில் மாதிரி கட்டி 108க்கு போன் பண்ணுங்க.