ஓரியண்டேஷன் வாரத்தில் சீனியர்கள் செய்யும் தவறுகள்

சென்ற வாரம் கோலாலம்பூரில் நான் படித்த பொறியியல் துறைப் பக்கம் போயிருந்தேன். புது மாணவர்களை வரவேற்கப் போகும் சீனியர்களுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். அந்தக் காலத்தில் நான் அடித்த கூத்தெல்லாம் ஒவ்வொன்றாக மேடை ஏறியது. பெயர்ப்பட்டியலை மறக்காதே, ராகிங் பக்கமே போகாதே என்பதையெல்லாம் சொல்லாமலே தெரிந்துகொள்வார்கள். சொன்னாலும் தெரியாத சிலதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெற்றோரை வாசலோடு மறந்துவிடுவது

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி வந்த குடும்பம் வேனிலிருந்து இறங்கும். தலையணை, வாளி, ஊறுகாய் போத்தல், கூடவே விடுதியில் அனுமதி இல்லாத ரைஸ் குக்கர். நாம் பிள்ளையை மட்டும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திவிடுகிறோம். அப்பாவிடம் "பசியாறிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேண்டீன் எந்தப் பக்கம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். அந்தக் குக்கரையும் எல்லார் முன்னாலும் பிடுங்க வேண்டாம். வேனிலேயே திரும்பிப் போகட்டும் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னால் அவரே எடுத்துவைத்துவிடுவார்.

ஸ்பகெட்டிக் கோபுரம் கட்டச் சொல்வது

காய்ந்த ஸ்பகெட்டிக் குச்சிகளை ஒட்டி உயரமாக எழுப்பும் அந்தக் குழு விளையாட்டு. போன வருடமும் அதேதான். அதற்கு முந்தின வருடமும்.

"இந்தப் பாடத்தை அப்புறம் எடுத்துக்கலாம்" என்பது

இது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் அப்போது மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. என் குழுவில் கிள்ளானிலிருந்து வந்த தம்பி ஒருவன். நான்காம் நாள் இரவு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடையில், தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய பால் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, கால அட்டவணையை மேசைமேல் விரித்தான். கால்குலஸ், ஸ்டாட்டிக்ஸ், புரோகிராமிங், மொழிப்பாடம் என்று வரிசையாகப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. நான் பேனாவை எடுத்து ஸ்டாட்டிக்ஸ்மேல் ஒரு கோடு இழுத்தேன். "இதை இப்ப விடு தம்பி, ரெண்டாம் வருஷம் எடுத்தா ஈஸி." அந்தப் பாடத்தில் நான் வாங்கியது சி. என் தகுதி அவ்வளவுதான்.

ஸ்டாட்டிக்ஸ் என்பது விசைகள் ஒன்றையொன்று சமன் செய்யும் கணக்கு. ஒரு உத்தரத்தின் தாங்கிகளில் எவ்வளவு சுமை விழுகிறது என்று அதில்தான் கற்கிறோம். அது தெரியாமல், அந்த உத்தரம் எவ்வளவு வளையும் என்று அடுத்த பருவத்தில் பொருட்களின் வலிமைப் பாடத்தில் கணக்குப் போட முடியாது. அதை முடிக்காமல் இரண்டாம் ஆண்டுத் திண்ம இயக்கவியல் இல்லை. அது இல்லாமல் மூன்றாம் ஆண்டு இயந்திர வடிவமைப்பு இல்லை. அதையும் முடித்தால்தான் இறுதியாண்டு வடிவமைப்புத் திட்டம். எங்கள் துறையில் இவை ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறைதான். அவன் ஒரு பாடத்தைத்தான் விட்டான், முழுதாக ஒரு வருடம் நழுவியது.

பட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றம் கேட்பது குறைந்தது 135 கிரெடிட், அதாவது பாடத்தின் அளவுக்கேற்பச் சேரும் புள்ளி. நான்கு ஆண்டு, எட்டுப் பருவம் என்றால் பருவத்துக்குச் சுமார் 17. இன்று இறக்கிவைத்த சுமை நாளை வேறொரு பருவத்தின் தலையில்தான் ஏறும்.

கூடப் படித்தவர்கள் பட்டமளிப்பு அங்கியோடு படம் எடுத்துக்கொண்டபோது அவன் ஜூனியர்களோடு வகுப்பில் இருந்தான். கல்விக்கடன் நான்காம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஐந்தாம் ஆண்டில் இரவு நேரம் பெட்ரோல் நிலையக் கல்லாவில் நின்றான். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாடத்தைக் கைவிடும் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'சீனியர் அறிவுரை' என்று மலாயில் எழுதியிருந்தான். நகலை ஒருநாள் அவனே காட்டினான், சிரித்துக்கொண்டே.

ஒத்திகையில் ஒரு தங்கச்சி வார்த்தைக்கு வார்த்தை இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் போய் ஸ்டாட்டிக்ஸில் என்ன கிரேடு என்று கேட்டேன். சி பிளஸ் என்றாள்.

செய்ய வேண்டியது இதுதான். துறைக் கையேட்டில் பாடங்களை அம்புக்குறியால் இணைத்த படம் இருக்கும். ஜூனியரோடு உட்கார்ந்து ஒவ்வொரு அம்பும் எங்கே போகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அம்பு கிளம்பும் பாடத்தில் கை வைக்காதீர்கள். சுமை நிஜமாகவே அதிகம் என்றால் கல்வி ஆலோசகரின் அறைக் கதவுவரை கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். முடிவு அவரும் ஜூனியரும் எடுப்பது.

மெட்ரிக்கா எஸ்டிபிஎம்மா என்று கூட்டத்தில் கேட்பது

மெட்ரிகுலேஷன் படிப்பு, ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் தேர்வு, இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு வரும் வழிகள்தான். கேட்காதீர்கள்.

நம் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூட்டிப்போவது

ஒரு மாலை கோலாலம்பூரின் லிட்டில் இந்தியாவான பிரிக்பீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவதில் தப்பில்லை. வீட்டு நினைப்பில் இருக்கும் பிள்ளைக்கு ரசம் கொஞ்சம் தெம்பு தரும். தினமும் அதுவே நடந்தால் மூன்றாம் வாரம் ஆய்வுக்கூடக் குழு பிரிக்கும்போது ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்காருவார்கள், பக்கத்து மேசையில் யார் என்றே தெரியாமல். சாப்பிடப் போகும்போது அறைத்தோழனையும் கூப்பிடச் சொல்லுங்கள். அவன் மலாய்க்காரனோ சீனனோ, அப்பளத்தை வேண்டாம் என்று சொன்ன ஒருவனை நான் இதுவரை பார்த்ததில்லை.