கிராஷ் ஆன வரியில் ஒட்டுப்போடாதீர்கள்: லினக்ஸ் நெட்வொர்க் பக் திருத்துபவர்களுக்கு

லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நெட்வொர்க் பகுதிக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கர்னல் கிராஷ் ஆகிறது, பதிவில் ஒரு ஃபங்ஷனின் பெயர் தெரிகிறது, அங்கே ஒரு பாயின்டர் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) 'நல்' ஆக, அதாவது எதையும் சுட்டாமல் இருந்திருக்கிறது. உடனே அதற்கு மேலே ஒரு 'இஃப்' போட்டு, நல் என்றால் திரும்பிவிடு என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கிராஷ் நின்றுவிடும், பக் அப்படியே இருக்கும்.

அந்தப் பாயின்டரை நல் ஆக்கியது யார் என்பதுதான் கேள்வி. நெட்வொர்க் குறியீடு பல சிபியுக்களில் ஒரே நேரத்தில் ஓடுவது. ஒரு சிபியு பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கும்போதே இன்னொன்று சாக்கெட்டை மூடிக்கொண்டிருக்கலாம், நெட்வொர்க் கார்டையே கழற்றிக்கொண்டிருக்கலாம். நீங்கள் சோதித்த அடுத்த கணமே பாயின்டர் மாறலாம். அதனால் உங்கள் 'இஃப்' அந்த ஓட்டையைக் குறுக்குமே தவிர அடைக்காது. முன்பு நாளுக்கு ஒருமுறை வந்த கிராஷ் இனி மாதத்துக்கு ஒருமுறை வரும், தேடுவதும் அந்த அளவுக்குக் கடினமாகும். எந்த லாக் அதைக் காக்கிறது, ஆர்சியு முறையா (படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரை பழையதை விடுவிக்காமல் காத்திருப்பது), ரெஃபரன்ஸ் கணக்கை (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) யார் குறைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த பிறகே திருத்தத்தில் கை வையுங்கள்.

அடுத்தது, பழைய பாயின்டரை நம்புவது. கர்னலுக்குள் பாக்கெட் 'எஸ்கேபி' என்ற கட்டமைப்பில் இருக்கும். அதன் ஹெடர் (முகவரி முதலிய விவரங்கள் உள்ள முன்பகுதி) முழுவதும் தொடர்ச்சியான மெமரியில் இருக்கும் என்று உறுதியில்லை. அதற்காகத்தான் 'பிஎஸ்கேபி மே புல்' என்ற ஃபங்ஷனை அழைக்கிறோம். இடம் போதாவிட்டால் அது புது மெமரி எடுத்து ஹெடரை அங்கே மாற்றிவிடும். அழைப்புக்கு முன் எடுத்து வைத்த ஐபி ஹெடர் பாயின்டர் அப்போது காலி செய்த வீட்டின் முகவரி. உங்கள் மடிக்கணினியில் இது தெரியாது, ஏனென்றால் சாதாரண பாக்கெட்டில் ஹெடர் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கும். அழைப்புக்குப் பின் பாயின்டரை மறுபடி எடுங்கள். சோதிக்கும்போது 'கேசான்' (தவறான மெமரி அணுகலைக் கண்டுபிடிக்கும் கருவி) போட்டு கர்னலைக் கட்டுங்கள். வேகம் குறையும்தான், ஆனால் ஹெடர் இடம் மாறும் பாக்கெட்டை அனுப்பிப் பார்த்தால் இந்த வகைத் தவறு அதில் சிக்கிவிடும்.

பக்கே இல்லாததைத் திருத்தக் கிளம்புவதும் உண்டு. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் பார்த்தால், அனுப்பும் பாக்கெட்டில் செக்ஸம் (தகவல் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) தவறு என்று காட்டும், வழக்கமான வரம்பான 1500 பைட் தாண்டிய பாக்கெட்டும் தெரியும். பதற வேண்டாம். செக்ஸம் கணக்கிடுவதையும் துண்டு போடுவதையும் கர்னல் கார்டிடம் விட்டிருக்கிறது. டிசிபிடம்ப் அதற்கு முன்பே எட்டிப்பார்த்துவிடுகிறது. செக்ஸம் சரிதானா என்பதைப் பெறும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஆனால் செக்ஸம் விஷயத்தில் உண்மையான பக் வந்தும் இருக்கிறது. கன்டெய்னர்களை (ஒரே கணினியில் தனித்தனியாக ஓடும் அப்ளிகேஷன் பெட்டிகள்) இணைக்கும் 'வீத்' டிரைவர், சரிபார்க்காத பாக்கெட்டுகளையும் சரிபார்த்ததாக முத்திரை குத்திவந்தது. ஒரே கணினிக்குள் சுற்றும் பாக்கெட்டுக்கு அதனால் பாதகமில்லை. வெளியே கம்பியில் கெட்டுப்போய் வந்த பாக்கெட்டும் அதே வழியாகப் போனபோது, கெட்ட தகவல் நேராக அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. 2015 இறுதியில் வந்த திருத்தம் அந்த முத்திரை குத்தும் சில வரிகளை நீக்கியது, அவ்வளவுதான்.

திருத்தமே புதுச் சிக்கலைக் கொண்டுவருவதும் உண்டு. 2019 ஜூனில் டிசிபியின் 'சாக்' (எந்தெந்தப் பகுதி வந்து சேர்ந்தது என்று பெறுபவர் சொல்லும் முறை) கையாளுதலில் சில பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன; கண்டறிந்தவர் நெட்ஃபிளிக்ஸின் ஜோனதன் லூனி. அவற்றில் சிவிஇ-2019-11478 என்ற அடையாள எண் கொண்ட ஓட்டைக்கான திருத்தம், அனுப்பும் வரிசை பிடிக்கும் மெமரிக்கு வரம்பு வைத்தது. மிகச் சிறிய அனுப்பு பஃபர் வைத்திருந்த அப்ளிகேஷன்கள், பாக்கெட் தொலைந்ததும் தடுமாறின. வரம்பைக் கவனமாக வைக்க இன்னொரு பேட்ச் (திருத்தக் குறியீடு) தேவைப்பட்டது. கைதேர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், நாம் பாக்கெட் இழப்பை 'நெட்எம்' என்ற லினக்ஸ் வசதி கொண்டு செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்காமல் அனுப்பக் கூடாது.

அனுப்பும் முறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருத்தம் 'நெட்' என்ற குறியீட்டுக் களஞ்சியத்துக்குப் போக வேண்டும், புது வசதிதான் 'நெட்-நெக்ஸ்ட்'டுக்கு. எந்த கமிட்டில் (பதிவான குறியீட்டு மாற்றம்) பக் நுழைந்தது என்பதை 'ஃபிக்சஸ்' வரியில் குறிப்பிடுங்கள். கூடவே இடைவெளி திருத்துவது, மாறியின் பெயரை மாற்றுவது என்று அழகுபடுத்தலைக் கலக்காதீர்கள். பழைய கர்னல்களுக்கு அதை எடுத்துப் போகிறவர் திட்டுவார். அப்புறம், யாராவது குறை சொன்னால் பத்து நிமிடத்தில் அடுத்த பதிப்பை அனுப்ப வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது நெட்வொர்க் பகுதியைப் பராமரிப்பவர்கள் எழுதியே வைத்திருக்கும் விதி.