வீடியோ கேம் பிடியிலிருந்து பதின்ம வயதுப் பிள்ளையை மீட்பது எப்படி?

2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், கட்டுப்பாட்டை இழந்து, படிப்பும் உறவுகளும் குலைந்த பின்னரும் விளையாட்டைத் தொடரும் நிலை பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால் அதைக் கோளாறு என வகைப்படுத்துகிறது. ஆகவே விடுமுறையில் இரவு பகலாக விளையாடும் பிள்ளைக்கு அவசரப்பட்டு நோயாளிப் பட்டம் சூட்ட வேண்டாம்.

முதல் வாரம் எதையும் தடுக்காமல், எந்நேரத்தில், யாருடன், என்ன மனநிலையில் விளையாடத் தொடங்கினோம் என்பதைப் பிள்ளையே குறித்து வரட்டும். தனிமையோ தேர்வு அச்சமோ அதில் வெளிப்படக்கூடும். பிறகு வரம்பை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். இணையவழிக் குழு ஆட்டங்களைப் பாதியில் நிறுத்துவது கடினம் என்பதால், மணிக்கணக்கைவிட ஆட்டக் கணக்கே சண்டையைக் குறைக்கும் என்பது என் கருத்து. இரவில் கருவி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். அதைப் பிடுங்கி உடைப்பது (கோபத்தில் தோன்றுவதுதான்) ஒளிவுமறைவையே வளர்க்கும். உறக்கமும் உணவும் தொடர்ந்து கெட்டால் மனநல மருத்துவரை அணுகுங்கள்.