குழந்தைகள் ஓவியப் போட்டி நடத்துவது எப்படி: தலைப்பு முதல் பரிசு வரை

ஓவியப் போட்டியில் குழந்தையே யோசித்து வரைந்த படம் பரிசு வாங்க வேண்டும். வகுப்பில் பத்து முறை பழக்கிய படமும் பெரியவர் கைபட்ட படமும் வாங்கக் கூடாது. கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான். 60 குழந்தைகள் வருவதாக வைத்துக் கணக்குச் சொல்கிறோம். எண்ணிக்கை மாறினால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வயதுப் பிரிவும் நேரமும்

5–6, 7–9, 10–12, 13–15 என்று நான்கு பிரிவுகள் போதும். போட்டி நாளில் நிறைவடைந்த வயதுதான் கணக்கு என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அன்று காலையில் பதிவு மேசையில் வாக்குவாதம் நிச்சயம்.

பிரிவுகளை அகலமாக்காதீர்கள். ஏழு வயதுக் குழந்தை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போடும். உச்சியில் நீலப் பட்டையாக வானம் வரையும். நடுவில் வெள்ளையாக விட்டுவிடும். தனக்கு முக்கியமான ஆளை வீட்டைவிடப் பெரிதாக வரையும். அதெல்லாம் தவறு அல்ல, அந்த வயது அப்படித்தான் வரையும். அதைப் பதினொரு வயதுப் பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னவர் படம் எடுபடாது.

நேரம்: முதல் பிரிவுக்கு 45 நிமிடம், அடுத்தடுத்த பிரிவுகளுக்கு 60, 90, 120. பாதி நேரத்திலும், முடிய 15 நிமிடம் இருக்கும்போதும் உரக்கச் சொல்லுங்கள். பென்சிலிலேயே முக்கால் நேரத்தைக் கழித்துவிட்டு வண்ணத்தில் அவசரப்படுவதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம்.

படி 2: தலைப்பு

இங்கேதான் பாதிப் போட்டி தீர்மானமாகிறது. 'இயற்கை' என்று கொடுத்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை வரும். 'சுற்றுச்சூழல்' என்றால் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் பட்டுப்போயும் இருக்கும் மரம் வரும். இருபது தாளிலும் அதே படம் இருந்தால் நடுவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்?

குழந்தை கண்ணால் பார்த்த ஒரு நொடியைக் கேளுங்கள்: 'மழை விட்டதும் எங்கள் தெரு', 'மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால்', 'மதியம் தூங்குகிறவர்'. பெயர்ச்சொல்லாகக் கொடுத்தால் பழகிய படம் வரும். ஒரு இடமோ நேரமோ கோணமோ சேர்த்துக் கொடுத்தால் யோசித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு தலைப்பு வைத்து, போட்டி தொடங்கும்போது பலகையில் எழுதுங்கள். முன்னரே சொன்னால் வீட்டிலேயே ஒத்திகை முடிந்துவிடும்.

படி 3: தாளும் வண்ணமும்

தாளை நீங்களே கொடுங்கள். முதல் பிரிவுக்கு ஏ4, மற்றவர்களுக்கு ஏ3. 60 குழந்தைகளுக்கு 70 தாள் வாங்குங்கள். கேட்கிற குழந்தைக்கு ஒரு முறை மாற்றுத் தாள் தரலாம். எல்லாத் தாளின் பின்பக்கத்திலும் முந்தின நாளே முத்திரை குத்தி வைத்தால், வீட்டில் வரைந்த தாள் உள்ளே வராது.

தடிமன் முக்கியம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் சொல்வது ஜி.எஸ்.எம். நகல் எடுக்கும் 80 ஜி.எஸ்.எம். தாளில் ரப்பரால் இரண்டு முறை அழித்தாலே நார் எழும்பும். தண்ணீர் பட்டால் நெளியும். கிரேயான், ஆயில் பேஸ்டலுக்கு 120 முதல் 150 ஜி.எஸ்.எம்., வாட்டர் கலருக்குக் குறைந்தது 200. ஒன்பது வயது வரை தண்ணீர் வண்ணமே வேண்டாம். ஒரு குவளை கவிழ்ந்தால் மூன்று பேர் படம் போகும்.

ஏ3 தாளுக்கு ஒரு குழந்தைக்கு 60 செ.மீ. அகலமாவது இடம் விடுங்கள். மேசை சொரசொரப்பாக இருந்தால் அந்தத் தடம் கிரேயானில் அப்படியே தெரியும். அதனால் தாளுக்கு அடியில் வழவழப்பான அட்டை வையுங்கள். ஸ்டென்சில், மாதிரிப் படம், கைபேசி மூன்றும் கூடாது.

படி 4: போட்டி நேரம்

பெற்றோர் வேறு அறையில் இருக்கட்டும். சன்னல் வழியாகக் காட்டும் சைகையும் உதவிதான். சின்னவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர், பெரியவர்களில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று மேற்பார்வையாளர்கள் போதும். அவர்கள் 'இங்கே இன்னும் கொஞ்சம் பச்சை அடி' என்றுகூடச் சொல்லக் கூடாது.

பெயர் தாளின் முன்பக்கத்தில் வேண்டாம். பின்பக்கத்தில் பதிவு எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் ஒருவரிடம் மட்டும். ஈரமான படங்களை அடுக்காதீர்கள். ஆயில் பேஸ்டல் படங்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் வண்ணம் இன்னொன்றின் முதுகில் ஒட்டும்.

படி 5: மதிப்பிடுதல்

நடுவர்கள் மூன்று பேர். தங்கள் பிள்ளையோ மாணவரோ கலந்துகொள்ளும் பிரிவுக்கு யாரும் நடுவராகக் கூடாது. ஒரு பிரிவின் படங்களைத் தரையில் பரப்பி, மூவரும் பேசாமல் ஆளுக்கு எட்டுப் படம் குறிக்கட்டும். ஒருவர் குறித்திருந்தாலும் அந்தப் படம் அடுத்த சுற்றுக்கு வரும். பிறகு 100க்கு மதிப்பெண்: சொந்த யோசனை 40, தாளில் அமைத்த விதம் 25, வண்ணம் 25, முழுமை 10. 'சுத்தமாக இருக்கிறது' என்பதற்குத் தனி மதிப்பெண் வேண்டாம். அது துணிந்து வரைகிற குழந்தையைத் தண்டிக்கும்.

மதிப்பெண்களை அப்படியே கூட்டாதீர்கள். முதல் நடுவர் அ படத்துக்கு 70, ஆ படத்துக்கு 68 தருகிறார். இரண்டாமவர் 72, 70. மூன்றாமவர் 60, 90. கூட்டினால் அ 202, ஆ 228. இரண்டு பேர் முதலிடம் தந்த படம் தோற்றுவிடுகிறது, ஒருவர் தாராளமாகப் போட்டதால். ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணையும் 1, 2, 3 என்று இடமாக மாற்றிக் கூட்டுங்கள்: அ 1+1+2=4, ஆ 2+2+1=5. குறைந்த கூட்டுத்தொகைக்கே பரிசு. சமமாக வந்தால் இருவருக்கும் அதே பரிசு.

பெரியவர் கைபட்டதோ என்று சந்தேகம் வந்தால், ஒரே படத்தில் இரண்டு விதக் கோடு இருக்கிறதா பாருங்கள்: முகம் மட்டும் திருத்தமாக, கைகள் குச்சியாக. ஆனால் இதை மட்டும் வைத்து நீக்காதீர்கள். முகம் வரையப் பிரியப்படும் பிள்ளையும் அப்படி வரையும். மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 6: பரிசு

5–6 வயதுக்கு இட வரிசையே கூடாது. எல்லோருக்கும் ஒரே பரிசு. மற்றவற்றில் மூன்று இடம், இரண்டு ஆறுதல் பரிசு. கோப்பையைவிட வரைபொருள் மேல்: 7–9க்கு ஆயில் பேஸ்டல் பெட்டி, 10–12க்கு வாட்டர் கலரும் மூன்று அளவுத் தூரிகையும், 13–15க்கு 2பி, 4பி, 6பி (எண் கூடக் கூடக் கருமை கூடும்) பென்சில்களோடு நல்ல தடிமனான ஸ்கெட்ச் புத்தகம். பங்கேற்றவர் எல்லோருக்கும் சான்றிதழ். பெயர்களைப் பதிவுப் படிவத்தில் எழுதியபடியே எழுதி, இன்னொருவர் சரிபார்க்கட்டும். பெயர் தப்பான சான்றிதழைக் குழந்தை சுவரில் மாட்டாது.

மதிப்பிட ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவரை தரையில் ஒரு நீளத் தாள் சுருளை விரித்து வண்ணங்களைக் கொடுத்துவிடுங்கள், எல்லோரும் சேர்ந்து வரையட்டும். அறிவிப்பின்போது பரிசு பெற்ற படத்தைத் தூக்கிக் காட்டி, எது பிடித்தது என்று நடுவர் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 'அருமை' போதாது, 'குட்டையில் தலைகீழாகத் தெரியும் சைக்கிள்' என்று சொல்ல வேண்டும். படங்கள் எல்லாவற்றையும் ஒரு வாரம் காட்சிக்கு வைத்துவிட்டு, கசங்காமல் குழந்தைகளிடமே திருப்பிக் கொடுங்கள்.