ஒரே பொருள் தரும் சொற்களில் எதை எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு பத்தியில் ஒரே சொல் மூன்று முறை வந்துவிட்டால் நமக்குக் கை பரபரக்கும். உடனே அகராதியைத் திறந்து, அதே பொருளில் முதலில் கண்ணில் பட்டதைத் தூக்கிப் போட்டுவிடுவோம். தப்பு அங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் பொருள் ஒன்றாக இருந்தாலும் சொல்கிற ஆளும் கேட்கிற ஆளும் இடமும் ஒன்றில்லை. கேட்டு வாங்குவதற்கே ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைப் பிரித்து, தாழ்ந்தவன் கேட்டால் ஈ, சமமானவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு என்று தொல்காப்பியம் சொல்கிறது.

சாவைக் குறிக்கும் சொற்களையே பாருங்கள். 'லாரி மோதி இருவர் பலி' என்பது செய்தித் தலைப்புக்குச் சரி, இரங்கல் கடிதத்தில் அந்தப் பலியை எழுதினால் வீட்டார் மனம் நொந்துபோகும். பொதுவாக எழுத 'காலமானார்', 'மறைந்தார்' போதும். சைவ வீட்டில் 'சிவபதம் அடைந்தார்', கிறிஸ்தவ வீட்டில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', முஸ்லிம் வீட்டில் 'வஃபாத்தானார்' என்பார்கள். ஒருமுறை தெரிந்தவர் வீட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு 'இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதிக் கொடுத்தேன். அவருடைய மகன் படித்துவிட்டு, "அப்பா கடைசிவரை கோயில் வாசலை மிதிக்கலைங்க, 'இயற்கை எய்தினார்'னு மாத்திடுங்க" என்றார். அன்றிலிருந்து யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதை விசாரிக்காமல் இந்த மாதிரிச் சொற்களைத் தொடுவதில்லை.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? புதுச் சொல்லை வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். 'அவரை ஆதரித்தார்' என்பதை 'உதவினார்' என்று மாற்றினால் முன்னால் இருக்கிற 'அவரை'யும் 'அவருக்கு' ஆக வேண்டும், இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். அப்புறம் பக்கத்துச் சொல்லோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள்: கனமழை உண்டு, அடைமழை உண்டு, ஆனால் பருமழை என்று யாரும் சொல்வதில்லை. சந்தேகமாக இருந்தால் இரண்டு சொல்லையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள், வருகிற வாக்கியங்களில் நாலைந்தையாவது முழுசாகப் படியுங்கள்.

காலமும் முக்கியம். பழைய இலக்கியத்தில் நாற்றம் என்றால் நறுமணம், இன்று மல்லிகைப் பூவுக்கு அதை எழுத முடியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பழைய பொருளைத் தேட அருமையானது, ஆனால் அதில் இருக்கிற சொல்லெல்லாம் இன்று புழக்கத்தில் இல்லை. இன்றைய வழக்குக்கு, 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருக்கும், இலங்கை வழக்கையும் குறித்திருப்பார்கள். இங்கே 'பேசினோம்' என்பதை யாழ்ப்பாணத்தில் 'கதைத்தோம்' என்பார்கள், 'அம்மா பேசினா' என்றால் அங்கே திட்டினார் என்று பொருள்.

இன்னொன்று, வாடகை ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு மாதிரி விஷயங்களில் சொல்லை மாற்றவே மாற்றாதீர்கள். முதல் பத்தியில் 'வாடகைதாரர்', மூன்றாவது பத்தியில் 'குடியிருப்பவர்' என்று எழுதினால், இரண்டும் ஒரே ஆள்தானா என்று நாளைக்குச் சண்டை வரும். அங்கே பத்து முறையானாலும் வாடகைதாரர் என்றே எழுதுங்கள்.