‘பிங்’: ஓசையிலிருந்து ஆபீஸ் சாட் வரை

ஐ.டி. வேலையில் சேர்ந்தவர்கள் காதில் முதல் வாரமே விழும் சொல் இது. “முடிச்சதும் ஒரு பிங் பண்ணுங்க” என்பார் டீம் லீட். வீட்டுக்கு வந்தால், கேம் ஆடும் தம்பி “பிங் ஏறிடுச்சு!” என்று கத்துவான். இரண்டும் ஒரே சொல்தான். கீழே உள்ள வரிசையில் பழகினால் குழப்பம் வராது.

படி 1: ஓசையைக் கேளுங்கள்

கண்ணாடி டம்ளரின் விளிம்பைக் கரண்டியால் லேசாகத் தட்டுங்கள். கூர்மையாக எழுந்து சட்டென்று தேய்கிறதே, அதுதான் பிங். மைக்ரோவேவ் அடுப்பு வேலை முடிந்ததும் எழுப்பும் மணிக்கும் இதே சொல்: “தி மைக்ரோவேவ் பிங்டு.” இறந்தகாலம் ‘பிங்டு’ மட்டுமே. ‘சிங்’, ‘சாங்’ ஆவதுபோல இது ‘பாங்’ ஆகாது.

படி 2: கடலுக்குள் போங்கள்

நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி ஓர் ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். எதிரொலி 2 நொடியில் வந்தால், போக ஒன்று, வர ஒன்று. ஆக எதிரே உள்ள பொருள் 1,500 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் துடிப்புக்கும் பிங் என்றே பெயர். வெறும் ஓசையாக இருந்த சொல்லில் ‘அனுப்பு, பதிலுக்குக் காத்திரு’ என்ற பொருள் ஏறியது இங்கேதான். இனி வரும் பயன்பாடுகளுக்கெல்லாம் இதுவே சாவி.

படி 3: கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிக்கச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, சோனார் ஓசையின் பெயரையே அதற்கு வைத்தார். ‘பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்’ என்று சிலர் சொல்லும் விரிவாக்கம் பிறகு ஒட்டவைத்தது.

விண்டோஸில் கட்டளைகளை டைப் செய்யும் திரையான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பிங் என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். அது கூகுளின் டி.என்.எஸ். சர்வர், அதாவது இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் கம்ப்யூட்டர். நான்கு பதில்கள் வரும். ‘டைம்’ என்ற இடத்தில் 20 என்றிருந்தால், தகவல் போய்த் திரும்ப 20 மில்லிசெகண்ட் ஆகியிருக்கிறது. தம்பி கத்தியது இந்த எண்ணைப் பார்த்துத்தான்; அது ஏறினால் கேம் தாமதமாக ஓடும். லினக்ஸில் பிங் தானாக நிற்காது. கன்ட்ரோல்-சி அழுத்த வேண்டும்.

‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால் சர்வர் படுத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்ட சர்வர்களும் உண்டு.

படி 4: மனிதர்களிடம்

“பிங் மீ வென் யூ ஆர் ஃப்ரீ.” நம்மவர்கள் ‘எனக்கு பிங் பண்ணு’ என்று நினைத்துக்கொண்டு ‘பிங் டு மீ’ என்பார்கள். அந்த ‘டு’ வேண்டாம். ஃபைல் கேட்பதானால் “பிங் மீ தி ஃபைல்.”

சாட்டுக்கு இது பொருந்தும். விடுப்புக் கடிதத்திலோ வாடிக்கையாளர் புகாருக்கான பதிலிலோ எழுதினால் அலட்சியமாகத் தெரியும்.

இன்னொன்று, இது என் எரிச்சல்: சிலர் “ஹாய்” என்று மட்டும் பிங் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பத்து நிமிடம் கழித்து “இருக்கீங்களா?” என்று இன்னொன்று வரும். கேள்வியையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்: “ஹாய், நேத்து அனுப்பின இன்வாய்ஸ் வந்துச்சா?”